இடம் விட்டு எழுதுதல்: ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பை முன்வைத்து

ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பை நான் கையில் எடுத்தது இலக்கிய ஆர்வத்தினால் அன்று என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கருத்தரங்கம் ஒன்றுக்குக் கட்டுரை தரவேண்டியிருந்தது. ‘பதினெட்டாம் நூற்றாண்டுத் தமிழில் பிறமொழிச் சொற்கள்’ என்று தலைப்பையும் கொடுத்துவிட்டிருந்தேன். தலைப்பைக் கொடுத்துவிட்டு நூலைத் தேடுவது நம் கல்விப்புலத்தில் புதிய பழக்கம் ஒன்றுமில்லை. கல்லூரி நூலகத்தின் கீழ்த்தட்டில் புதுச்சேரிப் பதிப்பின் சில தொகுதிகள் கிடந்தன. வழங்கல் அட்டையில் எனக்கு முன்னால் ஒருவர் பெயரும் இல்லை.

வேலை எளிதாகத்தான் இருந்தது. ஒரு கட்டு அட்டைகளை வாங்கிக்கொண்டேன். அட்டைக்கு ஒரு சொல். அது எந்த மொழி, எந்தப் பக்கம். கும்பெனி, கப்பித்தான், நவாபு, சுபேதார், வக்கீல், சொல்தாது என்று பிரெஞ்சும் போர்த்துக்கீசியமும் பாரசீகமும் அறுவடைக்கு நிற்கும் பயிர்போல வரிசையாக நின்றன. தமிழ் படித்தவன் என்ற முறையில் எனக்குள் சிறு முகச்சுளிப்பும் இருந்தது. எப்படிப்பட்ட கலப்படம், எழுவாய் எங்கே, பயனிலை எங்கே, ஒரு வாக்கியம் ஒரு பக்கம் முழுவதும் ஓடுகிறதே என்று மனத்துக்குள் திருத்திக்கொண்டேதான் படித்தேன்.

1748ஆம் ஆண்டின் பக்கங்களை எட்டியபோது அட்டைகள் நின்றுபோயின. நான் வேண்டுமென்று நிறுத்தவில்லை. நூலகர் விளக்கை அணைக்க வந்தபோதுதான் கவனித்தேன்: மூன்று மணி நேரமாகக் கையில் ஒரே அட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன், அதில் ஒரு சொல்லும் எழுதவில்லை. ஆங்கிலக் கப்பற்படை புதுச்சேரியைச் சூழ்ந்துகொண்டிருந்தது. அடுத்த நாள் என்ன ஆயிற்று என்பதை அறிய நான் பக்கத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

கருத்தரங்கக் கட்டுரையை எப்படியோ எழுதி முடித்தேன். அதை இங்கே பேச வரவில்லை. அந்த வாசிப்பு நான் எழுத விரும்புவது எதை என்பதை நாற்பது வயதுக்குமேல் எனக்குக் காட்டிக்கொடுத்தது. அதைப் பற்றியே இந்தக் கட்டுரை.

*

பிள்ளையைப் பற்றி அறிந்தவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிச் செல்லலாம். 1709இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். தந்தை திருவேங்கடம் பிள்ளை வணிகத்தின் பொருட்டுப் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தார். மகனும் வணிகர், பாக்கு, துணி என்று பல சரக்குகளில் கைவைத்தவர், ‘ஆனந்தப் புரவி’ என்ற சொந்தக் கப்பலும் அவருக்கு இருந்தது. 1746இல் கனகராய முதலியார் இறந்தபின், பிரெஞ்சுக் கும்பெனியின் தலைமைத் துபாஷிப் பொறுப்பு அவரிடம் வந்து சேர்ந்தது. அப்போது ஆளுநராக இருந்தவர் துய்ப்ளேக்சு.

நாட்குறிப்பு நள வருஷம், அதாவது 1736 செப்டம்பர் 6ஆம் தேதி, தொடங்குகிறது. இடையிடையே விடுபட்டும் தொடர்ந்தும் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள் செல்கிறது. 1761 ஜனவரியில் பிள்ளை இறந்தார். அதே மாதம் 16ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் சரணடைந்தது. நகரத்தின் வாழ்வையும் தன் வாழ்வையும் ஒரே ஏட்டில் எழுதிவந்தவருக்கு இரண்டும் ஒரே மாதத்தில் முடிந்தன.

அதன்பின் எண்பத்தைந்து ஆண்டுகள் அந்த ஏடுகளை யாரும் தேடவில்லை. 1846இல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சுக்காரர் கண்டெடுத்துப் படியெடுத்தார். அரியேல் என்பவர் எடுத்த படி பாரிசுக்குப் போயிற்று. சென்னை அரசு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்டது. தமிழ் மூலம் நூல்வடிவில் வரத்தொடங்கியது 1948இல்தான். தமிழில் எழுதப்பட்ட நூலை ஆங்கிலம் வாசித்து நாற்பத்துநான்கு ஆண்டுகள் கழித்தே தமிழ் வாசிக்கத் தொடங்கியது. அப்போதும் வாசித்தவர்கள் பெரும்பாலும் வரலாற்றாசிரியர்களே. தமிழ்த்துறைகளில் நாம் அதை ஒரு வரியில் கடந்துவிட்டோம். இரண்டு மதிப்பெண் வினா ஒன்றுக்குரிய வரி அது.

*

1740களில் ஐரோப்பாவில் ஆஸ்திரிய அரசுரிமைக்காக மூண்ட போர் சோழமண்டலக் கரையையும் வந்தடைந்தது. 1746 செப்டம்பரில் லபூர்தொனேயின் கப்பற்படை சென்னைக் கோட்டையைப் பிடித்தது. பிடித்த நகரத்தை என்ன செய்வது என்பதில் அவருக்கும் துய்ப்ளேக்சுக்கும் மூண்ட சண்டை தனிக்கதை. அடுத்த மாதமே அடித்த புயலில் அவருடைய கப்பல்கள் பல அழிந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பழிவாங்க வந்தது ஆங்கிலேயரின் முறை. பொஸ்கவேன் என்ற தளபதி பெரும் கப்பற்படையுடன் வந்து புதுச்சேரியை முற்றுகையிட்டார். 1748 ஆகஸ்டில் தொடங்கிய முற்றுகை, வடகிழக்குப் பருவமழை நெருங்க, அக்டோபரில் பலனின்றி முடிந்தது. இடையில், செப்டம்பரில், பிரெஞ்சுத் தரப்பின் முக்கியத் தளகர்த்தரான பரதி மோதல் ஒன்றில் காயம்பட்டு இறந்தார்.

இவையெல்லாம் பாடநூலில் உள்ளவை. பாடநூலில் இல்லாதது, அந்த வாரங்களில் நகருக்குள் இருந்த ஒருவருக்குக் காலை எப்படி விடிந்தது என்பது. பிள்ளை அதை எழுதுகிறார். எப்போது குண்டுச்சத்தம் கேட்டது, எங்கே விழுந்தது, யார் குடும்பத்தை ஊருக்கு வெளியே அனுப்பிவிட்டார்கள், துரை தன்னிடம் என்ன கேட்டார், தான் என்ன பதில் சொன்னார், திரும்பி வரும் வழியில் பாக்குக் கிடங்கில் யார் காத்திருந்தார்கள். போர் ஒரு பக்கம், வணிகம் ஒரு பக்கம், வீட்டுக் காரியம் ஒரு பக்கம் என்று அவர் பிரிப்பதில்லை. எல்லாம் ஒரே வாக்கியத்தின் தோளில் ஏறிக்கொண்டு போகின்றன. நான் மனத்துக்குள் திருத்திக்கொண்டிருந்த அந்த நீண்ட வாக்கியம் அப்படி நீண்டிருப்பதற்குக் காரணம் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. முற்றுகைக்குள் இருப்பவனுக்கு நிகழ்ச்சிகள் தனித்தனிப் பத்திகளாக வருவதில்லை.

இன்னொன்றும் மெல்லப் புலப்பட்டது. அவர் கண்டதைக் கண்டதாகவும் கேட்டதைக் கேட்டதாகவும் எழுதுகிறார். இன்னார் வந்து இப்படிச் சொன்னார், சொன்னவருக்குச் சொன்னவர் இன்னார் என்று செய்தியின் வழித்தடத்தைச் சேர்த்தே குறிக்கிறார். போர்க்காலத்தில் நாட்டில் அதிகம் விளைவது வதந்தி. அதை அவர் விலக்குவதில்லை. வதந்தி என்ற அடையாளத்தோடு ஏட்டில் ஏற்றுகிறார். மறுநாள் அது பொய்யென்று தெரிந்தால் மறுநாள் குறிப்பில் அதுவும் வருகிறது. முதல் நாள் எழுதியதை அடித்துவிட்டுத் தன்னை அறிவாளியாகக் காட்டிக்கொள்ளும் முயற்சி அங்கே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, அவர் இடம் விட்டு எழுதுகிறார். ஒருவர் பெயர் தெரியவில்லை, ஒரு தொகை தெரியவில்லை என்றால் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிட்டு வாக்கியத்தைத் தொடர்கிறார். பிறகு கேட்டறிந்து நிரப்பலாம் என்ற எண்ணம்தான். பல இடங்கள் நிரம்பவே இல்லை. மூலத்தில் இங்கே வெற்றிடம் என்று ஆங்கிலப் பதிப்பாசிரியர்கள் அடிக்குறிப்புப் போட்டு மாளவில்லை.

அந்த வெற்றிடங்களைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் எழுத்தில் ஓரிடத்திலாவது வெற்றிடம் விட்டிருக்கிறேனா என்று எண்ணிப் பார்த்தேன்.

*

நான் இரண்டு கவிதைத் தொகுதிகள் வெளியிட்டவன். இரண்டும் சொந்தச் செலவில். அவற்றைப் பற்றி நண்பர்கள் கனிவாகவே பேசினார்கள். அந்தக் கனிவின் பொருள் எனக்கும் தெரியும். மரபில் பயிற்சி இருந்தது, சொல்வளம் இருந்தது, எதுகை மோனை கைக்கு வந்தது. படித்து முடித்தபின் ஒரு முகம், ஒரு குரல் மனத்தில் நிற்காது.

இதற்கு மிக வருந்தத்தக்க சான்று, என் தந்தை இறந்தபோது எழுதிய இரங்கற்பா. பதினாறாம் நாள் காரியத்தன்று அச்சிட்டு வந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தோம். அதில் அவர் ஆலமரமாக இருந்தார், கலங்கரை விளக்கமாக இருந்தார், வற்றாத ஊற்றாக இருந்தார். அவர் நெல் மண்டி வைத்திருந்தவர் என்பது அதில் இல்லை. மூட்டையில் குத்தூசியைச் செருகி நெல்லை எடுத்து, இரண்டு மணியை உள்ளங்கையில் தேய்த்து, வாயில் போட்டுக் கடித்துப் பார்த்துவிட்டு, விலையைச் சொல்லாமல் வானத்தைப் பார்ப்பார், அது இல்லை. வாசித்த என் அத்தை, “நல்லாத்தான் இருக்குதுப்பா, ஆனா இது யாருன்னு தெரியலியே” என்றார். படிப்பறிவு குறைந்தவர் என்று அன்று அதை ஒதுக்கிவிட்டேன். என் எழுத்தைப் பற்றி வந்த மிகச் சரியான விமர்சனம் அதுவே.

நாட்குறிப்பைப் படித்த அந்த ஆண்டு, விடுமுறையில் ஊருக்குப் போனபோது தந்தையின் பழைய கணக்குகளை எடுத்துப் பார்த்தேன். சிட்டாவும் பேரேடும் பரணில் இருந்தன. அன்றன்று நடந்தது சிட்டாவில் விழும். பிறகு ஆள்வாரியாகப் பேரேட்டில் ஏறும். சிட்டாவில் பெயர், ஊர், மூட்டை எண்ணிக்கை எல்லாம் எழுதி, விலைக்குரிய இடத்தை விட்டிருந்தார். விலை முடிவாகாமல் சரக்கு இறங்கியிருக்கும். பிறகு வேறு மையில் நிரப்பியிருந்தார். சில இடங்கள் நிரம்பாமலே இருந்தன. ஓரத்தில் ‘கேட்கணும்’ என்று எழுதியிருந்தது.

அதைப் பார்த்தபின் எனக்கு ஒன்று தெளிவாயிற்று. பிள்ளை இடம் விட்டது இலக்கிய உத்தி அன்று, வணிகரின் நேர்மை. தெரியாத தொகையைக் கணக்கில் எழுதினால் பொய்க்கணக்கு ஆகிவிடும். தமிழ் உரைநடையின் வரலாற்றை நாங்கள் வகுப்பில் இறையனார் களவியல் உரையில் தொடங்குவோம். உரையாசிரியர்கள் வருவார்கள், பிறகு பாதிரிமார்கள், வீரமாமுனிவரின் பரமார்த்த குரு, ஆறுமுக நாவலர், 1879இல் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’. இந்த வரிசையில் குறையிருக்கிறது. உரையாசிரியர் மரபு ஒரு பக்கம் என்றால், கணக்கெழுதியவர்களின் மரபு இன்னொரு பக்கம். அங்கே நாளும் கிழமையும் பெயரும் தொகையும் இல்லாமல் வாக்கியம் இல்லை. பிள்ளையின் நாட்குறிப்பு அந்த இரண்டாம் மரபின் மாபெரும் நூல் என்பது என் எண்ணம்.

*

வேடிக்கை என்னவென்றால், பிள்ளையின் காலத்தில் இலக்கியம் என்று மதிக்கப்பட்டவை வேறு. அவரைப் பாட்டுடைத் தலைவராக வைத்துத் தியாகராய தேசிகர் ‘ஆனந்தரங்கன் கோவை’ பாடினார். சீனிவாச கவி வடமொழியில் ‘ஆனந்தரங்க விஜய சம்பு’ இயற்றினார். தெலுங்கிலும் அவர் பெயரில் நூல் எழுந்தது. பரிசில் பெற்றவை அவை, அவையேறியவை அவை. இன்று அவற்றை ஆய்வு மாணவர் தவிர வேறு யார் தேடுகிறார்கள்? பாடப்பட்டவர் இரவில் விளக்கடியில் அலங்காரமின்றி எழுதிவைத்த தினப்படிக் குறிப்பு இன்றும் உயிரோடிருக்கிறது. அதை அடித்தளமாகக் கொண்டு பிரபஞ்சன் ‘மானுடம் வெல்லும்’, ‘வானம் வசப்படும்’ என்னும் நாவல்களை எழுதினார். பின்னதற்கு 1995இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. ஒரு கோவையிலிருந்து இப்படி நாவல் பிறக்குமா என்று எனக்குத் தெரியவில்லை. என் இரங்கற்பாவிலிருந்து பிறக்காது என்பது தெரியும்.

பிள்ளையை ‘இந்தியாவின் பெப்பீசு’ என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. இலண்டனில் 1660 முதல் 1669 வரை நாட்குறிப்பு எழுதிய சாமுவேல் பெப்பீசை நினைத்துச் சொல்வது. பெருமைப்படுத்தும் எண்ணத்தில்தான் சொல்கிறார்கள், எனினும் ஒப்பீடு ஒரு முக்கியமான வேறுபாட்டை மறைத்துவிடுகிறது. பெப்பீசு சுருக்கெழுத்தில் எழுதினார். வேறொருவர் கையில் கிடைத்தாலும் எளிதில் படிக்க முடியாது. பிள்ளைக்கு அந்தப் பூட்டு தேவைப்படவில்லை. தன்னை ஆள்பவர்கள் அறியாத மொழியில் எழுதினார். தமிழே பூட்டாக இருந்தது. ஆளுநர் மாளிகையில் தமிழ் பேசத் தெரிந்தவர் புதுச்சேரியிலேயே பிறந்த மதாம் துய்ப்ளேக்சு. நாட்குறிப்பில் பிள்ளையின் கசப்புக்கு மிகுதியாக ஆளானவரும் அவர்தான்.

துபாஷி என்ற சொல்லுக்கு இருமொழியாளர் என்று பொருள். நாள் முழுவதும் ஒருவர் சொன்னதை மற்றவருக்குச் சொல்வது அவர் தொழில். துரையிடம் ஒரு மொழி, வணிகரிடமும் நவாபின் ஆட்களிடமும் ஒரு மொழி. இரண்டும் பிறர் காரியத்துக்கான மொழிகள். இரவில் ஏட்டைத் திறக்கும்போது அவருக்கு மூன்றாவது மொழி ஒன்று கிடைத்தது. அதை அவர் யாருக்கும் மொழிபெயர்க்க வேண்டியதில்லை. பகலில் துரையின் முன்னால் விழுங்கியதை அங்கே சொல்ல முடிந்தது.

நாட்குறிப்பின் இந்தத் தன்மைதான் என்னை மிகவும் தொட்டது. ஆசிரியர்களாகிய நாங்களும் ஒருவகைத் துபாஷிகள். தொல்காப்பியரை மாணவருக்கும் மாணவரைத் தேர்வுத்தாளுக்கும் இருபது ஆண்டுகளாக மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறோம். எங்களுக்கென்று ஒரு மூன்றாவது மொழி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள நேரம் வாய்ப்பதில்லை.

*

பிள்ளையை நான் உயர்த்திப் பேசுவதாகத் தோன்றலாம். ஒரு மறுப்பை நானே எழுப்பிக்கொள்கிறேன். இந்த மனிதர் வீரரல்லர். அந்நியக் கும்பெனியின் ஊழியர். துரையைப் புகழ்வதில் சலிப்படையாதவர். தன் சாதகப் பலனிலும் தன் செல்வாக்கிலும் மிகுந்த அக்கறை கொண்டவர். சாதி ஏற்றத்தாழ்வை இயற்கை என்றே எடுத்துக்கொண்டவர். அவருடைய பக்கங்களில் உழைப்பாளிகள் கூட்டமாக வருகிறார்கள். பெயரோடு வருவது அரிது.

1748 செப்டம்பரில், முற்றுகையின் நடுவே, புதுச்சேரி வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டது. அருகிலிருந்த சேசு சபையார் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது போர்க்கால நெருக்கடியில் நிறைவேறியது. இன்று நகரில் உள்ள அப்பெயர்க் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்தது. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் முறையிட வந்தார்கள். அவர் வெளிப்படையாக எதிர்த்து நிற்கவில்லை. விக்கிரகங்களை வேறு கோயிலுக்குக் கொண்டுபோகும் ஏற்பாட்டைப் பற்றிப் பேசினார். மறுநாளும் துரையைப் பார்க்கப் போனார்.

இதையெல்லாம் நாம் எதிலிருந்து அறிகிறோம்? அவருடைய ஏட்டிலிருந்துதான். தன்னைக் குற்றம்சாட்டக்கூடிய சாட்சியத்தைத் தானே நாள், கிழமை குறித்து எழுதிவைத்திருக்கிறார். யார் என்ன சொன்னார்கள், தான் என்ன சொன்னார், அங்கே யார் எப்படி நடந்துகொண்டார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் செல்லும் அந்தப் பக்கங்களில் துயரமும் இருக்கிறது. தன் பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் முயற்சியும் இருக்கிறது. இரண்டையும் நம்மால் பார்க்க முடிவது அவர் விவரங்களை விட்டுவிடாததால்தான். வெறும் புலம்பலாக எழுதியிருந்தால் அவர் நல்லவராகத் தப்பித்திருப்பார். நமக்கு ஒன்றும் தெரிந்திருக்காது.

எழுதுபவன் நல்லவனாக இருந்தால்தான் எழுத்து நல்லதாக இருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவன் நான். இப்போது அப்படித் தோன்றவில்லை. தனக்குப் பாதகமான விவரத்தையும் எழுத்தில் இருக்கவிடுகிறானா என்பதைத்தான் இப்போது பார்க்கிறேன்.

*

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் நானும் எழுதத் தொடங்கினேன். முற்றுகையும் ஊரடங்கும் ஒன்றல்ல; எங்கள் தெருவில் குண்டு விழவில்லை. ஆயினும் வதந்தி விழுந்துகொண்டிருந்தது. நாளொன்றுக்கு ஒரு பக்கம். யார் என்ன சொன்னார்கள், எதை நானே பார்த்தேன், காய்கறி வண்டிக்காரர் தக்காளிக்கு என்ன விலை சொன்னார், அவர் பெயர் என்ன. பெயர் தெரியாத இடத்தில் இடம் விட்டேன். முதல் வாரத்தில் அத்தனை வெற்றிடங்கள் விழும் என்று நினைக்கவில்லை. பத்தாண்டுகளாக எங்கள் தெருவுக்கு வந்துகொண்டிருந்தவரின் பெயரை நான் கேட்டதே இல்லை. மறுநாள் கேட்டு நிரப்பினேன். பெயரைச் சொன்னவர் கூடவே தம் ஊரையும், மகளின் படிப்பையும் சொன்னார். பக்கம் நீண்டது.

அப்படி எழுதிக்கொண்டிருந்த நாட்களில்தான் எனக்கு எதில் ஆர்வம் என்பது தெரியவந்தது. படிமங்களில் இல்லை, தத்துவத்தில் இல்லை. ஒருவர் சொன்னதை அவர் சொன்ன முறையிலேயே கேட்பதிலும், சொல்லாமல் விட்டதைக் குறித்துவைப்பதிலும் எனக்கு அலுப்பே வரவில்லை. இருபது வயதில் யாராவது இதையும் எழுத்து என்று சொல்லியிருந்தால் இரண்டு கவிதைத் தொகுதிகளின் அச்சுச் செலவு மிஞ்சியிருக்கும். இப்போது தந்தையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன், சிட்டாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. அவர் இளமையில் ஓராண்டு ஊரைவிட்டுப் போயிருந்தார். எங்கே, எதற்கு என்று வீட்டில் எவருக்கும் தெரியாது. இரங்கற்பாவில் அந்த ஆண்டை ‘தவம்’ என்று எழுதியிருந்தேன். இப்போது அங்கே இடம் விட்டிருக்கிறேன். அத்தைக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. அடுத்த முறை போகும்போது கேட்கணும்.

வகுப்பிலும் இதைச் சோதித்துப் பார்த்தேன். இளங்கலை முதலாண்டு மாணவர்களிடம் கட்டுரை எழுதச் சொன்னால் முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வரும். சான்றோர் பொன்மொழி ஒன்று முகப்பில் இருக்கும். அதற்குப் பதிலாக நாளொன்றுக்கு ஒரு பக்கம், கண்டதும் கேட்டதும் மட்டும், தெரியாததற்கு இடம் விடவேண்டும் என்றேன். நாலைந்து பேர் மட்டுமே தொடர்ந்தார்கள். ஒரு மாணவி நியாயவிலைக் கடை வரிசையைப் பற்றி எழுதினாள். எத்தனை பேர் நின்றார்கள், கைரேகை பதியாத பாட்டியிடம் கடைக்காரர் என்ன சொன்னார், பாட்டி கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு எத்தனை முறை வைத்தார். பாட்டியின் பெயருக்கு இடம் விட்டிருந்தாள். அடுத்த வாரம் அந்த இடம் வேறு மையில் நிரம்பியிருந்தது. பக்கத்தில் இன்னொரு பக்கமும் சேர்ந்திருந்தது. அவளுக்கு எழுத வரும் என்பதை நான் அவளுக்குச் சொல்லவேண்டியிருக்கவில்லை.

ஆகவே என் கருத்து இதுதான். முதுகலைத் தமிழில் ஆனந்தரங்கப் பிள்ளையின் போர்க்காலப் பக்கங்களில் ஐம்பதையாவது பாடமாக வைக்கவேண்டும். வரலாற்றுக் குறிப்பாக அல்லாமல் உரைநடை இலக்கியமாக. பிறமொழிச் சொற்களை எண்ணும் வேலையை அதற்குப் பிறகு செய்துகொள்ளலாம். நடை அழகாக இல்லையே என்பார்கள். அழகான நடைக்கு நம்மிடம் பஞ்சமில்லை. தெரியாததைத் தெரியாது என்று விட்டுவைக்கும் நடைக்குத்தான் பஞ்சம்.

படிக்க விரும்புவோருக்கு ஒரு செய்தி. பன்னிரண்டு தொகுதிகள் கொண்ட தமிழ்ப் பதிப்பு, மு. ராஜேந்திரன், அ. வெண்ணிலா ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு 2019இல் வெளிவந்தது. வெளியிட்ட அகநி பதிப்பகம் இருப்பது வந்தவாசியில். 1760 ஜனவரி 22 அன்று பிரெஞ்சுப் படை தோற்றதும், புதுச்சேரியின் முடிவு தொடங்கியதும் அதே வந்தவாசியில்தான். பிள்ளை இருந்திருந்தால் இந்தத் தற்செயலையும் நாள் குறித்து எழுதிவைத்திருப்பார்.

முதல் தொகுதியிலிருந்து தொடங்கவேண்டாம். கப்பல் கணக்கிலும் சரக்குக் கணக்கிலும் சலித்துப்போக வாய்ப்பிருக்கிறது. 1746 செப்டம்பரில், சென்னைக் கோட்டை விழும் பக்கங்களில் தொடங்கி 1748 அக்டோபர்வரை படியுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டும் பேனாவும் இருக்கட்டும்.